எலியும் போகாது, பிள்ளையும் போகாது

என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். உங்கள் மகளும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும், முக்கியமாக இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரைக்கும்.

லீவு முடிந்து கப்பலுக்குத் திரும்பும் உங்கள் சமையல்காரர் நாளை கிளம்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் நாலு வார்த்தை பேசத் தொடங்கினால் உங்களுக்குச் சிக்னல் போய்விடுகிறது. நடுக்கடலில் சிக்னல் போவது சகஜம்தான். உங்கள் அக்கா பேசும்போது மட்டும் அது எப்படித் தெளிவாகக் கிடைக்கிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. காகிதம் பாதியில் கட் ஆகாது.

நீங்கள் அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். “அக்கா சொல்றபடி செஞ்சிரு. பாப்பா கொஞ்ச நாள் அங்க இருக்கட்டும். அந்த எலிய வாங்கின கடையிலயே திருப்பிக் குடுத்துரு. இத ஒரு பிரச்சினையாக்காத” என்று சொல்லியிருந்தீர்கள்.

எலியும் போகாது, பிள்ளையும் போகாது. பிரச்சினையாக்கியாயிற்று.

இனி காரணத்தைச் சொல்கிறேன். உங்கள் அக்கா சொன்ன கதை உங்களிடம் முழுசாக இருக்கிறது. சரக்கை ஒரு பக்கம் மட்டும் பார்த்து யாரும் எடை போடுவதில்லை. அதனால் மறுபக்கத்தையும் பாருங்கள்.

நம் கல்யாணமாகி நீங்கள் கப்பலேறும் வரை உங்கள் மகள் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டேதான் என்னைப் பார்த்தாள். பிடித்துக்கொள்ளச் சட்டை இல்லாமல் போன அன்று கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் என்ன செய்தேன்? இழுத்து, தூக்கி, மார்போடு அணைத்து, “நான் இருக்கேன்டா கண்ணு” என்று கொஞ்சினேன். கட்டை மாதிரி நின்றாள். கையை எடுத்தவுடன் மறுபடியும் இடுக்குக்குள். அதற்குப் பிறகு வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். சாப்பிடுறியா, ம். போதுமா, ம். தலை வாரட்டுமா என்றால் அந்த “ம்” கூட இல்லை, எழுந்து போய்விடுவாள். ஒற்றை எழுத்தில் குடும்பம் நடத்தினோம்.

இதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்லவில்லை. இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற மனிதருக்குக் கவலையைக் கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். அந்தச் சலுகை இன்றோடு முடிந்தது.

நம் கடைத்தெரு முனையில் மீன்தொட்டிக் கடை இருக்கிறதே, பள்ளிவிட்டு வரும்போது தினமும் அந்தக் கடைக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்துக்கொண்டு நிற்பாள். மீனுக்காக என்று நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் ஒரு கூண்டு. உள்ளே பழுப்பும் வெள்ளையுமாக, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு உருண்டை. ஹாம்ஸ்டராம். விதைகளை எடுத்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டே இருந்தது, ஆனால் மெல்லவில்லை. இரண்டு கன்னமும் மூட்டை மாதிரி உப்பிவிட்டது. கடைக்காரர், “கன்னத்துல பை இருக்கும்மா, அதுல சேத்து வச்சுக்கும்” என்றார். கன்னத்திலேயே கோடவுன் வைத்திருக்கும் ஜீவனைக் கடலை வியாபாரியான நான் எப்படி வேண்டாம் என்பேன்? அப்போது உங்கள் மகள் என் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்தே கேட்டாள்: “கடைய மூடினதும் இது தனியா என்ன பண்ணும்?”

நீங்கள் போன பிறகு அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அது. வாங்கிவிட்டேன். இன்னொரு வாக்கியம் கிடைக்கும் என்றால் அந்தக் கடையையே வாங்கியிருப்பேன்.

கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பினார்: “கொஞ்ச நாள் தொடாதீங்கம்மா. வீடு பழகட்டும், உங்க சத்தம் பழகட்டும்.” யார் கேட்டது? வந்த சரக்கை வந்த கையோடு பிரித்துப் பார்க்கிற புத்தி எனக்கு. வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து, மேலே இருந்து கையை விட்டு, கத்தரிக்காயைத் தூக்குவது போலத் தூக்கினேன். விரலில் பல் பதிந்தது. நான் போட்ட கூச்சல் மாடி வரைக்கும் கேட்டிருக்கும். உங்கள் மகள் நிதானமாகச் சொன்னாள்: “மேலேர்ந்து கை வந்தா பருந்துன்னு நெனச்சுக்கும். சைடுலேர்ந்து மெதுவா போகணும்.” அந்தக் கடை வாசலில் சும்மா நிற்கவில்லை, எல்லாவற்றையும் கேட்டு வைத்திருக்கிறாள். அதற்கு “முதலாளி” என்று பெயரும் வைத்தாள். சந்தையில் என்னை எல்லோரும் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவள் குறும்புக்காரி என்பதை நீங்கள் ஏன் எனக்கு முன்பே சொல்லவில்லை?

அதன்பிறகு கூண்டைக் கூடத்து மூலையில், தாழ்ந்த முக்காலி மேல் வைத்தோம். பாதிக்குத் துணி போட்டு மூடினோம். மரத்தூள் அதற்குத் தும்மல் வரவைத்தது, எடுத்துவிட்டு டிஷ்யூ காகிதத்தைக் கிழித்துப் போட்டோம். சாயங்காலம் அது கண் விழிக்கும் நேரத்துக்கு அவள் கூண்டின் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படிப்பாள், வாய்விட்டு. குரல் பழகட்டுமாம். என்னிடம் “ம்” போட்ட பிள்ளை அந்த எலிக்குச் சமூக அறிவியல் முழுவதையும் ஒப்பித்தாள். நான் சமையலறை வாசலில் முறத்தில் கடலையை வைத்துக்கொண்டு கல் பொறுக்குவது மாதிரி உட்கார்ந்திருப்பேன். திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்த்தால் நிறுத்திவிடுவாள். அந்தக் கடலையில் கல்லே கிடையாது.

இனி, உங்கள் அக்கா பெரிதாகச் சொன்ன அந்தக் கடி. நடந்தது இதுதான். அன்றைக்குப் பள்ளிவிட்டு நேராக என் கடலைக் கடைக்கு வந்தாள். மூட்டை மேல் உட்கார்ந்து என்னோடு வேர்க்கடலை உரித்தாள். நான் கூப்பிடவில்லை, அவளாகத்தான் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்ததும் முதலாளியைப் பார்க்கும் ஆசையில் கம்பி இடுக்கில் விரலை நீட்டினாள். கடித்துவிட்டது. அழவில்லை. விரலைப் பாவாடைக்குள் சுருட்டி மறைத்துக்கொண்டாள். துணியில் இரத்தத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. கழுவி, டாக்டரிடம் காட்டி, ஊசியும் போட்டு வந்தோம். சின்னக் காயம்தான் என்றார் டாக்டர். மாடி வீட்டுத் தையல்காரம்மா படியில் பார்த்தாள். அவள் ஊசியில் நூல் கோப்பதற்கு முன்பே உங்கள் அக்காவுக்குச் செய்தி போய்விட்டது.

ஏன் மறைத்தாய் என்று அவளைக் கேட்டேன். “சொன்னா முதலாளிய அனுப்பிருவீங்க. கடிக்கிறதயெல்லாம் அனுப்பிருவாங்க” என்றாள். யார் அவளிடம் அப்படிச் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அவளைப் பெற்ற அம்மா போன பிறகு உங்கள் அக்கா வீட்டில் இருந்த மாதங்களில் எதையோ கேட்டிருக்கிறாள். நீங்கள் விசாரியுங்கள், உங்கள் அக்காதானே.

நான் அன்று உட்கார்ந்து யோசித்தேன். எப்படிக் கடித்தது என்று அவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு, மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அவளைக் கடித்தபோது கோபமாக இல்லை. முதலில் மூக்கை வைத்தது, பிறகு நக்கியது, அப்புறம் பல். இதை நான் எங்கே பார்த்திருக்கிறேன்? என் கடையில்தான், தினமும். மொத்தமாகக் கடலை எடுக்க வருகிறவன் என்ன செய்கிறான்? ஒன்றை எடுத்து மோந்து, வாயில் போட்டு, ஒரு கடி கடித்து, பதம் பார்க்கிறான். கடலை வாசனையோடு விரலை நீட்டினால் அது பதம் பார்க்காமல் என்ன செய்யும்? பஸ் நிலையத்தில் தட்டை ஏந்தி வறுத்த கடலை விற்ற நாளிலிருந்து என் கையில் அந்த வாசனை போனதே இல்லை. நல்லவேளை, அது வியாபாரி ஜாதி. எனக்குப் புரிந்தது. பல்கலைக்கழகத்தில் படித்தவர் யாராவது இருந்திருந்தால் அதற்கு வைத்தியம் பார்த்திருப்பார்.

அன்றிலிருந்து வீட்டுக்குள் வந்ததும் இரண்டு பேரும் வாசனையில்லாத சோப்புப் போட்டுக் கைகழுவுகிறோம். தொட்ட பிறகும் கழுவுகிறோம், அது நம் உடம்புக்கு. பிறகு உள்ளங்கையைக் கூண்டுத் தரையில் மல்லாத்தி வைத்துவிட்டு, ஒரு பூசணி விதையை அதில் போட்டு, சும்மா இருக்க வேண்டும். பிடிக்கக் கூடாது. விரலை ஆட்டக் கூடாது. முதலில் விதையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. பிறகு ஒரு காலை மட்டும் அவள் கைமேல் வைத்தது. பிறகு ஒருநாள் அவள் உள்ளங்கையிலேயே உட்கார்ந்து தின்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எலியை இல்லை, என்னைப் பார்த்தாள். இதைப் படித்துவிட்டு, பிள்ளையையும் எலியையும் ஒரே தராசில் வைக்கிறாள் என்று உங்கள் அக்காவிடம் போய்ச் சொல்லாதீர்கள்.

தூக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. நின்றுகொண்டு தூக்கவே கூடாது. இவ்வளவு சின்ன உடம்பு இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தால் பிழைக்காது. அதனால் கடலை கழுவும் பெரிய நீலத் தொட்டியைத் துடைத்துக் காயவைத்து, கூடத்தில் போட்டோம். அவள் தொட்டிக்குள்ளே, நான் வெளியே தரையில். “நீங்களும் கீழ உக்காருங்க” என்று உத்தரவு. என் முட்டி படும் பாடு உங்களுக்குத் தெரியும். உட்கார்ந்தேன். நான் நாற்காலியை விட்டு இறங்கினால் சந்தையே நடுங்கும், இங்கே ஒரு வாண்டு சொன்னதும் இறங்கிவிட்டேன்.

இந்தக் கோலத்தில்தான் போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் அக்கா உள்ளே வந்தார்கள், கையில் காலிப் பெட்டியோடு. பிள்ளையின் துணிகளை எடுத்துப்போகக் கொண்டுவந்த பெட்டி. கதவைத் தட்டவில்லை.

“புள்ளயத் தொட்டியில உக்கார வச்சு எலிய மேய விட்டிருக்கியா?” என்றார்கள். முதலாளி அப்போதுதான் கூண்டுக்குத் திரும்பி, காகிதக் குவியலுக்குள் சுருண்டிருந்தது. நான், “வாங்க அண்ணி, உக்காருங்க” என்றேன். “உக்கார வரல. கடைய நடத்தத் தெரிஞ்சா போதுமா? புள்ளய வளக்கத் தெரிய வேண்டாமா? ஒண்ணு பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும்” என்றார்கள். பிள்ளைக்கு முன்னால்.

எனக்கு இதுவரை எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். இதற்கும் கொடுக்க வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவர்கள் கூண்டைத் திறந்துவிட்டார்கள். “கடிக்குதா இல்லியான்னு இப்ப காட்டறேன், என் தம்பிகிட்ட சொல்றதுக்கு” என்று கையை மேலே இருந்து விட்டார்கள். உங்கள் மகள் தொட்டியை விட்டுத் தாவி எழுந்தாள். “அத்தை, கைய எடுங்க! தூங்கறத எழுப்பக் கூடாது! மொதல்ல அது உங்கள மோந்து பாக்கணும்!” என்று கத்தினாள். வீடே அதிர்ந்தது. அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பதே அன்றுதான் தெரியும். “ஏண்டி, என்னை ஒரு எலி மோந்து பாக்கணுமா?” என்று உங்கள் அக்கா கேட்டு முடிப்பதற்குள் கடித்துவிட்டது. கடித்தால் கையை உதறக் கூடாது, மெதுவாகத் தரைக்குக் கொண்டுபோக வேண்டும். அவர்கள் உதறினார்கள். முதலாளி தெறித்து, தொட்டிக்கு வெளியே கிடந்த துண்டின் மேல் விழுந்து, உருண்டு, ஓடி, படுக்கையறை அலமாரிக்கு அடியில் போய்விட்டது.

அவர்கள் விரலை நான்தான் கழுவி மருந்து போட்டேன். அதையும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள் என்று நம்புகிறேன். பிறகு அந்தக் காலிப் பெட்டியை எடுத்து அவர்கள் கையில் கொடுத்தேன். “அண்ணி, டாக்டர்கிட்ட போய் ஊசி போட்டுக்கங்க. ஆட்டோவுக்குச் சொல்லிட்டேன். பெத்தா மட்டும்தான் தெரியும்னா, நீங்க பெத்த ரெண்டு பேரும் ஏன் உங்க வீட்டுப் பக்கமே வர்றதில்ல?” என்றேன். அது அதிகம்தான். திரும்பப் பெறுவதாக இல்லை. “என் தம்பி வாயால சொல்லட்டும், அப்ப பாக்கறேன்” என்று போனார்கள். வரும் சனிக்கிழமை மறுபடியும் வருவார்களாம்.

அவர்கள் போன பிறகு பார்த்தால் உங்கள் மகளைக் காணோம். அலமாரி அடியில் முகத்தை வைத்துக் குப்புறப் படுத்திருந்தாள். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில், அதே இடுக்கில். துடைப்பத்தை விட்டுத் தள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தள்ளவில்லை. கதவுகளைச் சாத்தினேன். கைகழுவிவிட்டு வந்து அவள் பக்கத்தில் நானும் குப்புறப் படுத்தேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு அந்த இடுக்கில் எப்படிப் போனேன் என்று கேட்காதீர்கள், பாதிதான் போனேன். உள்ளங்கையை மல்லாத்தி உள்ளே நீட்டி வைத்தேன். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. கை மரத்தது. அவள் ஒரு தடவை, “செத்துப் போயிருக்குமா?” என்றாள். “தெரியல” என்றேன். பொய் சொல்ல மனசு வரவில்லை. “வராட்டி?” என்றாள். “வர்ற வரைக்கும் இங்கயே இருப்போம்” என்றேன்.

வந்தது. முதலில் மீசை. பிறகு மூக்கு. அவள் விரலை மோந்தது, அதைத் தாண்டி நடந்து வந்து, என் கையில் ஏறி உட்கார்ந்தது. பயத்தில் அதன் நெஞ்சு அடிப்பது என் உள்ளங்கையில் தெரிந்தது. நான் அசையவில்லை. அசைந்தால் போய்விடும், மூடாவிட்டாலும் போய்விடும், எனக்கு இருப்பதோ ஒரே கை, மறுகை உடம்புக்கு அடியில். அப்போது உங்கள் மகள் தன் கையைக் கொண்டுவந்து என் கையின் மேல் கிண்ணம் மாதிரிக் கவிழ்த்தாள். அழுத்தாமல், அதற்கு மூச்சுவிட இடம் விட்டு. அப்படியே இரண்டு பேரும் தவழ்ந்து வெளியே வந்தோம். கூண்டில் விட்ட பிறகும் அவள் கையை உடனே எடுக்கவில்லை.

இவ்வளவுதான் நடந்தது. முதலாளிக்கு அடி ஒன்றும் இல்லை. விலங்கு மருத்துவரிடம் காட்டிவிட்டேன். சக்கரத்தில் ஓடுகிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. சனிக்கிழமைக்கு முன்னால் கப்பல் எப்படியும் அவர் ஏறும் துறைமுகத்தைத் தொடும் என்று சமையல்காரர் சொன்னார். அங்கிருந்து போன் செய்யுங்கள். எனக்கு வேண்டாம், உங்கள் அக்காவுக்கும் வேண்டாம். வீட்டுப் போனுக்கு, உங்கள் மகளுக்கு. சாயங்காலமாகச் செய்யுங்கள். நான் கடைக்குப் போய்விடுவேன். நான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தேன் என்ற பேச்சு எனக்கு வேண்டாம். எங்கே இருக்க ஆசை என்று அவளைக் கேளுங்கள். அவள் அம்மா போன நாளிலிருந்து அவளை அங்கே வைக்கலாமா இங்கே வைக்கலாமா என்று எல்லோரும் பேசினோம், நானும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அவளை ஒருவரும் கேட்கவில்லை.

அத்தை வீடுதான் என்று அவள் சொன்னால் நானே துணியை மடித்துக் கொடுப்பேன். கூண்டைக் கழுவி, புதுக் காகிதம் போட்டு, விதையும் கட்டித் தருவேன். ஒரு சொல் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் வாயால் வரவேண்டும். கேட்காமல், “கிளம்பு” என்று மட்டும் சொல்வதாக இருந்தால், அதை நீங்களே அவளிடம் சொல்லுங்கள். உங்களுக்காக நான் சொல்ல மாட்டேன். உங்கள் அக்காவுக்காகக் கதவையும் திறக்க மாட்டேன்.

கடல் அமைதியாக இருக்கட்டும். நீங்கள் நன்றாக இருங்கள். கேட்ட பிறகு அவள் உடனே பேசாவிட்டால் போனை வைத்துவிடாதீர்கள். அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். காத்திருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி